அந்த வெறும் பெட்டி அங்கேயே இருக்கட்டும்

லா சப்பல், பாரிஸ்
ஜூன், ஞாயிறு காலை

என் அன்பு மகள் மிருணாளினிக்கு,

அம்மா எழுதுகிறேன். பிள்ளையார் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் சளி காய்ச்சல் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, சுகமாக இருக்கிறாய் என்றே நினைத்துக்கொண்டு எழுதத் தொடங்குகிறேன். கடிதம் எழுதி எத்தனையோ வருடமாகிவிட்டது, பேனை பிடித்த கை இப்போது அகப்பை பிடித்துத்தான் பழகியிருக்கிறது, எழுத்து கோணல்மாணலாக இருந்தால் சிரிக்காதே. புதன்கிழமைத் தமிழ் வகுப்புக்கு உன்னை இழுத்துக்கொண்டு போகும்போது ரூ லூயி-பிளாங் தெரு முழுக்கக் கேட்க நீ அழுத அழுகைக்கெல்லாம் இன்றைக்குத்தான் பயன், ஆறுதலாக எழுத்துக்கூட்டி வாசி. ஃபோனில் சொல்லலாமே என்று கேட்பாய். ஃபோனில் சொன்னால் உன் பள்ளத்தாக்கில் லைன் பாதியில் அறுந்துபோகும், மீதிப் பாதியை, அப்பாவின் அக்கா என்ற உரிமையில் சார்செலிலிருந்து இங்கே வந்து குந்தியிருக்கிற மாமி ஸ்பீக்கரில் கேட்டு முடிப்பார். அதனால்தான் வியாழக்கிழமை நீ எடுத்தபோது, என்ரை கடிதம் வருமட்டும் ஒண்டும் செய்யாதை பிள்ளை என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தேன்.

நீ அனுப்பிய செய்தியை எத்தனை தரம் வாசித்தேன் என்று எனக்கே தெரியாது. சரி அம்மா நான் வாறன், மாத முடிவிலை வேலையை விடுறன், மாமி சொன்ன மாப்பிள்ளையையும் வந்து பாக்கிறன், எனக்கு இனி எல்லாரோடையும் மல்லுக்கட்ட ஏலாது என்று எழுதியிருந்தாய். மாமி அதைக் கேட்டவுடனே சார்செலில் அந்தப் பொடியனின் வீட்டுக்குச் செய்தி சொல்லிவிட்டார். அப்பா வழக்கம்போல ம் என்றார். எனக்கு மட்டும் அது சரியாகப் படவில்லை. உன்னைப் பக்கத்தில் வைத்திருக்க எனக்கு ஆசை இல்லையென்று நினைக்காதே, நீ படுத்த கட்டிலில் இன்னும் நான் வேறு எதையும் வைக்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், நீ வராதே. தாய் பிள்ளைக்கு எழுதினால் எப்போ வருவாய் என்றுதான் கேட்பாள், இவ என்ன வராதே என்று எழுதுகிறா என்று நீ யோசிப்பாய். கோபத்தில் எழுதவில்லை, தலையைச் சொறிந்து சொறிந்து யோசித்துத்தான் எழுதுகிறேன்.

சித்திரையில் பள்ளிக்கூட வக்கான்ஸ் விடுமுறைக்கு நான் உன்னிடம் வந்தது எதற்கு என்று உனக்குத் தெரியும். விவாகரத்து முடிந்த கையோடு நீ லண்டனில் புகுந்த வீடு இருந்த ஹரோவை விட்டுவிட்டு, தமிழ்ச் சனம் ஒன்றும் இல்லாத இங்கிலாந்து மலைப்பக்கத்து மாட்லொக்கில் பார்மசி வேலை எடுத்துக்கொண்டு தனியே போய் இருக்கிறாய், அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து இங்கே ஒரு வழி பண்ண வேணும் என்பதுதான் மாமி எனக்குத் தந்த வேலை. இரண்டு பெட்டியோடு வந்தேன். ஒன்றுக்குள் கறித்தூள், தட்டுவடை, ஒடியல்மா, உனக்குப் பிடித்த எள்ளுருண்டை. மற்றது மாமி தந்த பெரிய பெட்டி, உன் சாமான்களை அடுக்கிக்கொண்டு வர. ஸ்டேஷனில் நீ அதைத் தூக்கியபோது பாரம் இல்லாமல் உன் கை சட்டென்று மேலே போனது. என் முகத்தைப் பார்த்தாய். வீட்டுக்குக் கொண்டுபோய் அலுமாரிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அம்மா நாளைக்கு மலைக்குப் போவம் என்றாய். நான் சொல்ல வந்ததைச் சொல்லவே விடாமல் என்னை மலைக்கு இழுக்கிறாள் என்று எனக்கு உள்ளுக்குள் எரிச்சல்தான்.

முதல் நாள் மாம் டோர் என்ற மலை. மலை என்றால் மேலே ஒரு கோயிலாவது தேநீர்க்கடையாவது இருக்கும் என்று நினைத்துப் பிட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு வந்தேன், அங்கே காற்றைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. ஆதிகாலத்துச் சனங்கள் உச்சியைச் சுற்றி மண் அணை கட்டிக் கோட்டை மாதிரி வாழ்ந்த இடம் என்று நீ விளக்கினாய், எனக்கோ இந்தக் காற்றில் அதுகள் எப்படி அடுப்பு மூட்டினதுகள் என்பதுதான் கேள்வி. பள்ளிக்கூடக் கந்தீனில் பிள்ளைகளின் தட்டுகளைத் தூக்கித் தூக்கித் தேய்ந்த முழங்கால், கல்படியில் பாதி ஏறுமுன்பே விட்டுவிட்டது. காற்று சால்வையைப் பறிக்கிறது, கீழே பள்ளத்தாக்கில் வீடுகள் தீப்பெட்டி அளவு. மேலே போனால் இரண்டு பக்கமும் பள்ளத்தாக்கு தெரியும் என்றாய், நான் ஒரு பக்கத்தையே கண்ணை மூடிக்கொண்டுதான் பார்த்தேன். அப்படியே படியில் குந்திவிட்டேன். நீ என்னை இழுக்கவும் இல்லை, அப்பவே சொன்னனே என்று குத்திக்காட்டவும் இல்லை, பக்கத்தில் குந்தி பிட்டுப் பார்சலைப் பிரித்தாய். ஏறுகிற சனமெல்லாம் எங்களைப் பார்த்துத் தலையாட்டி ஹலோ சொல்லிக்கொண்டு போனது. அப்போதுதான் நீ சொன்னாய், அம்மா, இஞ்சை ஆரும் என்னை ஏன் தனிய இருக்கிறாய் எண்டு கேக்கிறேல்லை, எங்கை மட்டும் நடந்தனீ எண்டுதான் கேக்கினம் என்று. நான் பிட்டை விழுங்கினேன்.

அடுத்த நாள் நீ கூட்டிக்கொண்டு போன ஸ்டான்டன் மூர் வெளி எனக்கு உயிருள்ளவரை மறக்காது. அங்கே போகிற வழியில் ஆரோ ஒருவரின் புல்வெளிக்குள்ளால் நீ கேற்றைத் திறந்துகொண்டு போக, நான் வெளியிலேயே நின்றுவிட்டேன். அரை அடி வேலிக்காக அண்ணன் தம்பி கோடேறி வழக்காடுகிற ஊரில் பிறந்தவள் நான், அடுத்தவனின் காணிக்குள்ளால் கேட்காமல் போகலாம் என்றால் எப்படி நம்புவேன். இது ஆரும் நடக்கலாம் எண்டு சட்டமே இருக்கிற பாதை, கேற்றை மட்டும் திரும்பச் சாத்த வேணும், ஆடு வெளியிலை போயிடும் என்றாய். தூரத்தில் ட்ராக்டரில் அந்தக் காணிக்காரர் வருகிறதைக் கண்டதும் நான் கள்ளி மாதிரி உனக்குப் பின்னால் ஒளிந்தேன், அந்த மனிதர் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போகிறார். பிறந்து சில நாளே ஆன ஆட்டுக்குட்டிகள் தாயை இடித்து இடித்துப் பால் குடித்துக்கொண்டிருந்தன. அந்தக் கேற்றுகளை எல்லாம் நீ திறக்கிறதும் சாத்துகிறதும், பாதை போட்ட மப்பை விரித்து ஒருக்கால் பார்த்துவிட்டு இடது பக்கம் என்று விறுவிறுவென்று நடக்கிறதும் நான் பின்னால் வந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஹரோவில் அந்த வீட்டில், தண்ணி குடிக்கவும் மாமியாரின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குசினிக்குள் போன பிள்ளை நீ. இது அதே பிள்ளைதானா என்று எனக்கு இருந்தது.

பிறகு அந்தக் கல்வட்டம். வெள்ளைப் பட்டை மரங்களுக்கு நடுவில் புல்லில் இடுப்பளவு கற்கள் வட்டமாக நிற்கின்றன, மூவாயிரம் நாலாயிரம் வருடப் பழசு என்றாய். எனக்கு அது கோயில் மாதிரியே பட்டது. வாசல் இல்லை, மணி இல்லை, ஆனால் சும்மா ஒருவரும் கல்லைக் கொண்டுவந்து வட்டமாக நிறுத்தமாட்டார்கள்தானே. சப்பாத்தையும் காலுறையையும் கழற்றி வெளியே வைத்துவிட்டு வலம் வரத் தொடங்கினேன். அம்மா இது கோயில் இல்லை, புல் குளிரும் என்று நீ பிரெஞ்சில் படபடத்தாய். நாயோடு வந்த அந்த வயசான வெள்ளைக்காரச் சோடி என்னைப் பார்த்தது, இங்கே இதுதான் முறை போல என்று நினைத்து அவர்களும் குனிந்து பெரிய பெரிய சப்பாத்துகளின் நாடாவை அவிழ்க்கத் தொடங்கிவிட்டார்கள். நீ வெட்கத்தில் கையால் முகத்தை மூடிக்கொண்டாய். நாலு பேரும் நாயுமாக அந்தக் கற்களைச் சுற்றினோம், அந்த மனுசி எனக்குப் பின்னால் கும்பிட்ட கையை எடுக்கவே இல்லை.

சுற்றி முடிந்து நிற்கும்போதுதான் நீ கதை சொன்னாய். ஒன்பது பெண்கள் ஞாயிற்றுக்கிழமையில் ஆடினார்களாம், அதற்குத் தண்டனையாகக் கல்லாகிப் போனார்களாம், அதனால்தான் அந்த இடத்துக்கு ஒன்பது பெண்கள் என்று பெயராம். எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்வேன். ஆடினால் கல்லாவதோ? கிழமை முழுக்க வேலை செய்த பெண்கள் ஞாயிற்றுக்கிழமையில் ஆடாமல் வேறு எப்போது ஆடுகிறது? இந்தக் கதையைக் கட்டினவனுக்குச் சார்செலில் சொந்தக்காரர் இருந்திருக்க வேணும் என்று சொன்னேன், நினைவிருக்கிறதா? அதற்கு நீ, இன்னொண்டும் இருக்கு அம்மா, பத்தாவது கல் என்று புல்லுக்குள் படுத்துக் கிடந்த ஒன்றைக் காட்டினாய். நெடுங்காலம் மண்ணுக்குள் மறைந்து கிடந்து பிறகுதான் வெளியே தெரிந்ததாம், பெயர் வைத்தவர்களின் கணக்கில் அது இல்லை. அவளுக்கு ஆடிக் களைச்சிருக்கும், படுத்திட்டாள் என்றேன் நான். நீ சிரித்தாய். பிறகு சிரிப்போடு சிரிப்பாக, இந்த வெளி முழுக்க அந்தக் காலத்துச் சனத்தைப் புதைச்ச மேடுகள் என்று ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாயே! சுடலைக்குள்ளா என்னை வெறுங்காலோடு வலம் வரவிட்டாய் என்று நான் கத்தினேன். நாலாயிரம் வருசத்துத் தீட்டு அம்மா, காஞ்சு போயிருக்கும் என்றாய். தீட்டுக்கு வயசில்லை, வீட்டை போய் முழுகாமல் ஒரு பொருளிலும் கை வைக்கமாட்டன் என்று நான் சொல்லி வாயை மூடவில்லை, மழை. என்ன மழை! வானத்தில் ஆரோ அண்டாவைக் கவிழ்த்த மாதிரி. மரத்தடிக்கு ஓடுவதற்குள் உச்சி முதல் உள்ளங்கால்வரை நனைந்து, வெளியே வைத்த சப்பாத்து இரண்டும் தண்ணீர் நிரம்பி நிற்கிறது. சரி, அம்மாவுக்கு முழுக்கு முடிஞ்சுது என்று நீ சொன்னாய்.

அந்தச் சப்பாத்து பிறகு காலில் ஏறவில்லை. நான் சாப்பாடு சுற்றிக்கொண்டு வந்த எங்கள் லா சப்பல் கடையின் மஞ்சள் பைகள் இரண்டை என் கால்களில் கட்ட வந்தாய். காலில் பிள்ளையார் படம் போட்ட பை வேண்டாம் என்று நான் சண்டைபிடிக்க, படத்தை உள்ளுக்குத் திருப்பினாய், அது இன்னும் பாவம் என்றேன், பிறகு படமில்லாத இரண்டு பை தேடிக் கட்டி, கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு வந்தாய். வழுக்கி வழுக்கி, சரசரவென்று நடந்து வருகிற என்னைப் பார்த்து நீ சிரித்த சிரிப்பிருக்கிறதே பிள்ளை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கல்மதிலில் சாய்ந்து, மழைத் தண்ணி வாய்க்குள் போகப் போகச் சிரித்தாய். உன் கலியாண வீட்டுக்குப் பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்கவே இல்லை. அதை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்து பூட்டி வைக்கத்தான் நான் பெட்டியோடு வந்திருக்கிறேனா என்று அந்த இடத்திலேயே என்னை நான் கேட்டேன். எனக்கு முடிவு அங்கேயே வந்துவிட்டது.

அதனால்தான் பிறகு பக்கத்து ஊர் பேக்வெல்லில் நீ வாங்கித் தந்த மலைச் சப்பாத்தை, வெளிக்கிட்ட அன்று அந்தப் பெரிய பெட்டிக்குள் வைத்துப் பூட்டி உன் அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டு வந்தேன். நீ அதைக் கண்டாய், கண்டும் காணாத மாதிரி நின்றாய். அதுவே பதில், இனி வாயால் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்தேன், இப்போது பார்த்தால் வாயாலும் சொல்லியிருக்க வேணும் போலத்தான் இருக்கிறது. இங்கே கார் து நோர் ஸ்டேஷனில் ரயிலால் இறங்க, மாமியே கார் பிடித்து வந்து நிற்கிறார். எனக்குப் பின்னால் எட்டி எட்டிப் பார்க்கிறார். பிள்ளை எங்கை, பெட்டி எங்கை என்றார். ரெண்டும் அங்கை சுகமா இருக்கு மச்சாள் என்றேன். பெட்டி போன கவலையா பிள்ளை வராத கவலையா தெரியாது, வீடு வருமட்டும் என் மற்றப் பெட்டியையே முறைத்துக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகுதான் என்னை விட்டுவிட்டு நேரே உனக்கு எடுக்கத் தொடங்கினார் என்று உன் செய்தியைக் கண்ட பிறகுதான் எனக்கு விளங்கியது. காலையிலும் மத்தியானமும் எடுத்து ஊர் சனம் என்ன சொல்லும், கொப்பாவின்ரை மரியாதை என்ன ஆகும் என்று கதைத்தால் எந்தப் பிள்ளைதான் தாங்கும்.

மாமியைக் கெட்டவ என்று நான் சொல்லமாட்டேன். அப்பாவைப் பிரான்சுக்குக் கூப்பிட்டு, படுக்க இடம் கொடுத்து, ரெஸ்ரோரண்டில் வேலைக்குச் சேர்த்துவிட்டதும் அவர்தான், அதனால்தான் அப்பா அக்காவுக்கு முன்னால் இன்றுவரை வாய் திறக்கிறதில்லை. அந்தப் பொடியனையும் பார்த்தேன், நல்ல பிள்ளை, குறை சொல்ல ஒன்றும் இல்லை, அவரையும் ஆரோ பிடித்து இருத்தித் தலையாட்ட வைத்த மாதிரித்தான் இருந்தது. உனக்கு மனம் வந்து, நீயே ஒருநாள் ஒருவரைக் காட்டி இவர்தான் என்றால், அவர் சார்செல் ஆனாலும் சரி அந்த ட்ராக்டர்காரர் ஆனாலும் சரி, நான் ஆலாத்தி எடுப்பேன். களைத்துப்போய், இனி ஏலாது என்று சொல்லிக்கொண்டு ஒரு கலியாணத்துக்குள் நீ இரண்டாந்தரம் போவதற்கு நான் விடமாட்டேன்.

நேற்று சனிக்கிழமை கந்தீனும் இல்லை, அப்பாவுக்கும் சொல்லவில்லை, தனியாக ரயில் ஏறிச் சார்செலுக்குப் போனேன். மாமி தேத்தண்ணி வைக்கப் போக, தேத்தண்ணி பிறகு, முதல் நான் சொல்லுறதைக் கேளுங்கோ என்று மறித்து, மிருணாளினி வரமாட்டாள், நான்தான் வரவேண்டாம் எண்டு சொல்லுறன், இனி அவளுக்கு எடுக்கிறதெண்டால் எப்பிடி இருக்கிறாய் எண்டு கேக்க மட்டும் எடுங்கோ என்று சொல்லிவிட்டேன். மாமிக்கு முகம் சிவந்துபோனது. சனம் கதைக்கும் சாரதா என்றார். கதைக்கட்டும் மச்சாள், அவைக்கும் பொழுது போகத்தானே வேணும் என்றேன். சொல்லவேண்டியதில் ஒரு சொல்லும் விடவில்லை. பிறகு தேத்தண்ணியும் குடித்துவிட்டுத்தான் வந்தேன், உறவை முறிக்க நான் போகவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிட்டேன், ஆவணியில் எங்கள் பிள்ளையார் கோயில் தேர் நடக்கிற கிழமை நான் இங்கே இல்லை, உன்னிடம் இருப்பேன் என்று. அந்தக் கல்வட்ட வெளியெல்லாம் ஆவணியில் ஊதாப் பூவாகக் கிடக்கும் என்றாய்தானே. மாமி அதற்குத்தான் கூடுதலாகத் துள்ளினார், தேரை விட்டிட்டுப் போறியோ, உனக்கென்ன விசரோ என்றார். பிள்ளையாருக்கு வடம் பிடிக்க ஃபொபூர் சேன்-தெனி தெரு நிறைய சனம் இருக்கு, என்ரை பிள்ளைக்கு நான்தான் இருக்கிறன் என்றேன். பிள்ளையார் என்னோடு கோபிக்கமாட்டார், அவரும் அம்மாவைச் சுற்றி வந்தவர்தானே. இந்தமுறை மாம் டோரில் பாதியில் குந்தமாட்டேன். கந்தீன் முடிந்து வரும்போது மொன்மார்த்தர் குன்றுப் படிகளில் ஏறி இறங்கிப் பழகுகிறேன், தொடக்கத்தில் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கினேன், இப்போது நடுவில் ஒருக்கால்தான் நிற்கிறேன். கோயிலில் பெண்கள், சாரதா கைலாசத்துக்கு வெளிக்கிடுறாவோ என்று நக்கலடிக்கிறார்கள், அடிக்கட்டும். உச்சியில் நின்று இரண்டு பக்கத்துப் பள்ளத்தாக்கையும் கண்ணைத் திறந்து பார்க்காமல் திரும்பி வரமாட்டேன்.

நீயும் கவனமாக இரு. பனிப்புகார் மூடின நாளில் மலைக்குப் போகாதே, போகுமுன் வேலையிடத்தில் ஒருவருக்காவது எங்கே போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போ, ஃபோனைச் சார்ஜ் பண்ணு, பாணை மட்டும் கடித்துக்கொண்டு திரியாதே, கறித்தூள் முடிந்தால் சொல். ஆட்டுக் கேற்றுகளை மறக்காமல் சாத்து.

நேற்று இரவு அப்பாவுக்கு எல்லாம் சொன்னேன். கேட்டார், சாப்பிட்டார், படுத்தார். எனக்குப் பயம்தான், அக்காவை எதிர்த்ததுக்குக் கோபம் போல என்று. இன்றைக்குக் காலையில் கோப்பியை வைத்துவிட்டுத் திரும்புகிறேன், ரெஸ்ரோரண்டுக்குப் போட்டுக்கொண்டு போகிற கறுப்புச் சப்பாத்தைக் கையில் வைத்து அடியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். மலை ஏற இது காணுமோ என்று கேட்டார். காணாது, வழுக்கும் என்றேன். சப்பாத்தைக் கீழே வைத்துவிட்டு, அப்ப பிள்ளையைக் கேள், அங்கை என்ரை அளவிலை எடுக்கலாமோ எண்டு என்றார். இந்த லா சப்பலில் தேர் ஓடத் தொடங்கின காலத்திலிருந்து ஒரு வருடமும் தவறவிடாமல் முன்வடம் பிடித்த மனிதர். நான் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன், தண்ணிச் சத்தத்தில் அவருக்குக் கேட்டிராது.

எல்லாம்வல்ல பிள்ளையார் உனக்கு நல்ல தேகசுகத்தையும் யாருக்கும் அஞ்சாத மனத்தையும் தர வேணும், நீ நடக்கிற பாதையெல்லாம் உனக்குத் துணையாக நிற்க வேணும் என்று உன் தலையில் கைவைத்து ஆசீர்வதிக்கிறேன். வேலையை விடுகிற கடிதம் எழுதியிருந்தால் இப்போதே கிழித்துப் போடு. அந்தப் பெட்டியைக் கீழே இறக்கி, என் சப்பாத்தை வெளியே எடுத்துக் காற்றுப்பட வை, பக்கத்தில் இன்னொரு சோடிக்கு இடம் விடு. அப்பாவின் கால் நாற்பத்தொன்று, கொஞ்சம் அகலம்.

என்றும் உன் அன்பு
அம்மா
வ. சாரதாதேவி